புது மீனுக்குத் தனித் தொட்டி… மூன்று வாரம் பொறுத்தால் பண்ணை தப்பும்!

சந்தையில் வாங்கிய ஆட்டைப் பட்டியில் சேர்க்கும் முன் சில நாள் தனியே கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால், வண்ண மீன் வளர்ப்பில் இறங்கியவர்களில் பலர், பாலித்தீன் பையில் வந்த புது மீனை அன்றைக்கே தாய் மீன்கள் இருக்கும் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் நாள் மீன்கள் கொத்துக் கொத்தாக மிதக்கும்போதுதான் காரணம் தேடுகிறார்கள். நோய் வந்த வழி பெரும்பாலும் அந்தப் பைதான்.

சென்னை கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைக்குப் பல பண்ணைகளின் மீன்கள் வருகின்றன. அங்கே ஒரே தண்ணீர், ஒரே கைவலை. பிறகு பையில் நெருக்கமாக நெடும்பயணம். இந்த அலைச்சலில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. வாங்கும்போது துள்ளலாக இருந்த மீனும் ஒட்டுண்ணியைச் சுமந்து வரலாம். நாலைந்து சிமென்ட் தொட்டிகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குத் தாய் மீன்கள்தான் முதலீடு. அவை போனால், அடுத்த ஈட்டுக் குஞ்சுகளும் இல்லை.

தொட்டி அமைப்பது எப்படி?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். கப்பி, மோலி போன்ற சிறு மீன்கள் 15 முதல் 20 வரை விடலாம். தங்க மீன் என்றால் சிறிதாக மூன்று, நான்கு மட்டுமே. அடியில் மணலோ கூழாங்கல்லோ வேண்டாம். அவை இருந்தால் கழிவும் ஒட்டுண்ணி முட்டையும் கண்ணில் படாது. மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போட்டால் மிரளாது. தொட்டிக்கு மூடி அவசியம். மற்ற தொட்டிகளிலிருந்து தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைக்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் வடிகட்டி. புதுத் தொட்டியில் மீன் கழிவால் அமோனியா சேரும். அதை மாற்றும் நன்மை செய்யும் பாக்டீரியா அங்கே இருக்காது. நோய் இல்லாமலே மீன் செத்துப்போகும். எனவே, மீன் வாங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே, நோயில்லாத பழைய தொட்டியில் ஒரு பஞ்சு வடிகட்டியை ஓடவிட வேண்டும். அதில் பாக்டீரியா குடியேறிய பின் தனித் தொட்டிக்கு மாற்றலாம். பயன்படுத்திய பஞ்சைத் திரும்பப் பழைய தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

மீன் வந்த நாளில்…

பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட வேண்டும். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் நாள் தீவனம் தேவையில்லை. அடுத்த நாளிலிருந்து, சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போட்டால் போதும்.

அலைச்சல் தீர, முதல் வாரம் லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு போடலாம். தொட்டியின் நீளம், அகலம், நீர் மட்டம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 60 × 30 × 27 என்றால் சுமார் 48 லிட்டர். 100 கிராம் உப்பு போதும். அதைத் தண்ணீரில் கரைத்து, மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. ஆகவே, 12 லிட்டர் எடுத்து மாற்றினால் 24 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். கெளுத்தி இனங்கள் உப்பைத் தாங்குவது குறைவு, அவற்றுக்கு வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும்?

உடலில் ரவை தூவியதுபோல் இருந்தால் வெள்ளைப்புள்ளி நோய். சுவரில் உடம்பைத் தேய்த்தால் ஒட்டுண்ணி. தங்க மீன், கோய் மீன்களில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நகர்வது மீன் பேன். குச்சிபோல் குத்தி நிற்பது நங்கூரப் புழு. கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல்போல் தொங்கினால் அது குடற்புழு.

வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவது இதனால்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இந்தச் சுற்று முடிய இன்னும் நாளாகும். குறைந்தது மூன்று வாரம், கோய் மீனுக்கு நான்கு வாரம் என்பதற்கு இதுபோன்ற மறைந்திருக்கும் நோய்களே காரணம். யாரோ சொன்னார்கள் என்று ஆன்டிபயாடிக் கொட்டுவது, வடிகட்டியின் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லலாம்.

கடைசி வாரத்தில் பழைய தொட்டியிலிருந்து விலை குறைந்த மீன் ஒன்றைப் புது மீன்களோடு விட்டுப் பார்க்கலாம். அது நலமாக இருந்தால் நம்பிக்கை கூடும்.

மறக்கக் கூடாதவை

● கைவலை, வாளி, குழாய் எல்லாம் தனித் தொட்டிக்கென்றே இருக்க வேண்டும்.

● தினமும் பழைய தொட்டிகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தனித் தொட்டிக்குப் போக வேண்டும். பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

● இடையில் இன்னொரு ஈடு மீன் சேர்ந்தால், நாள் கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

● கழிவு நீரையோ நோயுற்ற மீனையோ கிணறு, வாய்க்கால், ஏரியில் விடக் கூடாது. செத்த மீனைப் புதைக்க வேண்டும்.

● காரணம் புரியாமல் மீன் சாகத் தொடங்கினால், சாகும் நிலையில் உள்ள மீனை உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரில் எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகலாம். அழுகிய மீனை வைத்து நோயைக் கண்டறிவது கடினம்.