எஸ்.ஈ. லினக்ஸ்: கேட்டில் நிற்கும் காவலர்



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டுச் சங்கச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, கவிதைக்கு மட்டும் பதினோரு பேர் கை தூக்கினார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் போன செமஸ்டரில் புராஜெக்ட் டெமோ அன்று நான் முழித்த முழி நம் துறையில் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் நடந்தது என்பதையே கட்டுரையாக எழுதுகிறேன். லினக்ஸில் வெப் சர்வர் வைக்கப் போகிறவர்களுக்கு நிச்சயம் உதவும்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வருகைப் பதிவுக்கு ஒரு புரோகிராம் எழுதினோம். லேபில் ராக்கி லினக்ஸ் போட்ட ஒரு மெஷின், அதில் அப்பாச்சி வெப் சர்வர். பக்கங்களையெல்லாம் என் ஹோம் டைரக்டரியில் எழுதி முடித்து, டெமோவுக்கு முதல் நாள் சாயங்காலம் 'எம்வி' கட்டளை கொடுத்து வெப் சர்வரின் டைரக்டரிக்கு நகர்த்தினேன். பிரவுசரில் திறந்தால் 'ஃபர்பிடன்' என்று வருகிறது. ஃபைல் பெர்மிஷன்தான் தப்பு என்று நினைத்து 'சிஹெச்மோட் 777' போட்டோம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்து விட்ட பிறகும் அதே ஃபர்பிடன்! அந்தப் பக்கம் வந்த சீனியர் அண்ணா ஒருவர், "செட்என்ஃபோர்ஸ் 0 போடு, வந்துரும்" என்றார். போட்டோம், வந்தது. கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் டெமோவுக்கு அரை மணி முன்னால் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரியும் காலை வாரிவிட்டது. மெஷின் திரும்ப ஆன் ஆகி, சார் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தைத் திறந்தால் மறுபடியும் ஃபர்பிடன். கை நடுங்க அதே கட்டளையை சார் எதிரிலேயே அடித்தேன். பக்கம் வந்தது. சார் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "இப்ப என்னம்மா கமாண்ட் போட்டே? அது என்ன செய்யும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று பேருக்குமே தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் மார்க் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மார்க் நின்று போனதை வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா ஒரு நூல் மில்லில் கேட் வாட்ச்மேன். ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஒரு காவல் இருக்குதுங்கப்பா. எங்க ஃபைலைப் படிக்க விடமாட்டேன்னுச்சு. அதனால காவலையே நிறுத்திட்டோம்."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்: "ஏன் அம்மணி, அது எதுக்குத் தடுத்துச்சுன்னு ரெஜிஸ்தர்ல பார்த்தீங்களா?"

ரெஜிஸ்தர் என்று ஒன்று இருக்கிறதா என்றே நான் யோசிக்கவில்லை.

மில்லில் ஒரு மேஸ்திரி தன் செக்ஷனில் இருக்கும் சாமானை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். "எடுத்துட்டுப் போப்பா" என்று அவர் சொன்னால் செக்ஷனுக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்டில் பாஸ் இல்லாமல் ஒரு கோன் நூல்கூட வெளியே போகாது. மேஸ்திரியே கூட வந்து நின்றாலும் போகாது. எந்தச் சாமானுக்கு எந்தப் பாஸ் என்பதை நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறது. அதை மேஸ்திரியாலும் மாற்ற முடியாது, வாட்ச்மேனாலும் மாற்ற முடியாது. திருப்பி அனுப்பினால் மணி, ஆள், சாமான் எல்லாம் ரெஜிஸ்தரில் ஏறிவிடும்.

லினக்ஸிலும் இப்படியே இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. சிஹெச்மோட் என்பது மேஸ்திரி கொடுக்கும் அனுமதி. ஃபைலின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி திறக்கலாம், மூடலாம். இரண்டாவது தடுப்பு கட்டாய அணுகல் கட்டுப்பாடு. கர்னல் தன்னிடம் உள்ள விதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். சொந்தக்காரர் 777 போட்டாலும், புரோகிராம் ரூட்டாகவே ஓடினாலும் அது கவலைப்படாது. முதல் தடுப்பைத் தாண்டிய பிறகுதான் இரண்டாவதன் முறை வரும். எங்கள் 777 ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ராக்கி, ஃபெடோரா, ரெட் ஹேட் லினக்ஸ்களில் இந்த வேலையைச் செய்வது எஸ்.ஈ. லினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இதை 2000 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003-ல் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. உபுண்டுவில் இதற்குப் பதிலாக ஆப்ஆர்மர் இருக்கும். நம் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் எஸ்.ஈ. லினக்ஸ்தான் ஓடுகிறது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-லிருந்து அது முழுக் கண்டிப்போடு நிற்கிறது. போனில் யாரும் 'செட்என்ஃபோர்ஸ் 0' போடுவதில்லை, ஆனாலும் எல்லா ஆப்பும் ஓடத்தானே செய்கிறது?

சரி, இது எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை லேபிள் என்கிறார்கள். 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய 'இசட்' சேர்த்துப் போட்டால் ஃபைலின் லேபிள் தெரியும். (இங்கே தமிழில் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். மெஷினில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.) லேபிளில் நாலு பகுதி இருக்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது, 'டைப்' என்பது. அப்பாச்சி ஓடும் டைப் 'எச்டிடிபிடி_டி'. அது படிக்கக்கூடிய வெப் பக்கங்களின் டைப் 'எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி'. "முன்னது பின்னதைப் படிக்கலாம்" என்று விதிப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. பட்டியலில் இல்லாத எதுவும் நடக்காது.

மறுநாள் லேபில் ரெஜிஸ்தரைத் தேடினோம். ஆடிட் லாக் என்பதுதான் அது. 'ஏயூசர்ச்' கட்டளையில் ஏவிசி வகையை மட்டும் கேட்டு, மைனஸ் ஐ-யும் சேர்த்துப் போட்டோம். (மைனஸ் ஐ இல்லாவிட்டால் நேரம் 1970-லிருந்து எண்ணிய விநாடிகளாக வரும், தலை சுற்றும்.) முதல் நாள் சாயங்காலத்து வரி அப்படியே இருந்தது! தடுக்கப்பட்ட செயல்: ரீட். கேட்டது: எச்டிடிபிடி. அதன் டைப்: எச்டிடிபிடி_டி. கேட்ட பொருளின் டைப்: 'யூசர்_ஹோம்_டி'. வகை: ஃபைல்.

யூசர்_ஹோம்_டி என்பது வீட்டு டைரக்டரியின் சீட்டு. அந்த ஃபைல் வெப் டைரக்டரிக்கு வந்து சேர்ந்த பிறகும் ஏன் அதே சீட்டு? காரணம் எம்வி. அது ஃபைலை நகர்த்தும்போது லேபிளையும் கூடவே கொண்டு வந்துவிடும். 'சிபி' போட்டு நகல் எடுத்திருந்தால், புதிய ஃபைல் போய்ச் சேரும் டைரக்டரியின் டைப்பை எடுத்துக்கொண்டிருக்கும், இந்தக் கதையே நடந்திருக்காது. காவலர் செய்தது சரிதான். வெப் சர்வர் ஒரு மாணவியின் சொந்த ஃபைலைப் படிக்கப் பார்க்கிறது என்றுதானே அவர் கண்ணுக்குத் தெரியும்?

இதற்கு மருந்து ஒரே வரி: 'ரீஸ்டோர்கான்'. அந்த இடத்துக்கு எந்த லேபிள் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதோ, அதைத் திரும்ப ஒட்டிவிடும். பெரிய ஆர் சேர்த்தால் உள்ளே இருக்கும் எல்லா ஃபைலுக்கும், சின்ன வி சேர்த்தால் எதை மாற்றியது என்றும் காட்டும். பிறகு 'செட்என்ஃபோர்ஸ் 1' போட்டுக் காவலரைத் திரும்ப நிற்க வைத்தோம். பக்கம் வந்தது!

ஆனால் லாகின் ஆகவில்லை. எங்கள் டேட்டாபேஸ் வேறொரு மெஷினில் இருந்தது. மறுபடி ரெஜிஸ்தரைப் பார்த்தோம். பி.எச்.பி.-யை ஓட்டும் புரோசஸும் இதே எச்டிடிபிடி_டி டைப்பில்தான் ஓடுகிறது. அது 3306 போர்ட்டுக்குக் கனெக்ட் ஆகப் பார்த்துத் தடுக்கப்பட்டிருந்தது. இந்த மாதிரி அடிக்கடி தேவைப்படும் அனுமதிகளுக்கு பாலிசியிலேயே சுவிட்சுகள் வைத்திருக்கிறார்கள். பூலியன் என்று பெயர். 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் வெப் சர்வர் எந்த மெஷினின் எந்த போர்ட்டுக்கும் போகலாம். பலரும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு டேட்டாபேஸ் மட்டும் போதும். அதே பெயரின் கடைசியில் '_டிபி' சேர்த்த இன்னொரு பூலியன் இருக்கிறது. 'செட்எஸ்ஈபூல்' கட்டளையில் அதைத்தான் ஆன் செய்தோம். பெரிய பி சேர்க்க மறக்காதீர்கள்! இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் போய்விடும்.

டெமோ அன்று என்ன நடந்தது என்பதும் இதே ரீபூட் கதைதான். செட்என்ஃபோர்ஸ் 0 என்பது பெர்மிசிவ் நிலை. தடுக்காது, ரெஜிஸ்தரில் மட்டும் எழுதும். அதுவும் ரீபூட் வரைக்கும்தான். மெஷின் ஏறும்போது கான்ஃபிக் ஃபைலில் எழுதியுள்ளபடி என்ஃபோர்சிங் நிலைக்குத் திரும்பிவிடும். அதோடு அது அப்பாச்சிக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, அந்த மெஷினில் ஓடும் எல்லாவற்றுக்கும் கேட்டைத் திறந்து விடுகிறது. சோதித்துப் பார்ப்பதற்குத்தான் வேண்டும் என்றால், 'செமேனேஜ் பெர்மிசிவ்' கட்டளையால் எச்டிடிபிடி_டி-யை மட்டும் பெர்மிசிவ் ஆக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். செமேனேஜ் சில மெஷின்களில் இருக்காது. 'பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ்' என்ற பேக்கேஜைப் போட்டால் வரும்.

மருத்துவச் சான்றிதழ் போட்டோவை அப்லோடு செய்யும் வசதியும் எங்கள் புரோகிராமில் இருந்தது. அந்த டைரக்டரியில் வெப் சர்வர் எழுத வேண்டும். படிக்கும் டைப் அதற்குப் போதாது. நடுவில் 'ஆர்டபிள்யூ' வரும் 'எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி' வேண்டும். 'சிஹெச்கான்' கட்டளையில் உடனே மாற்றிவிடலாம். ஆனால் அது பென்சிலால் எழுதுவது போல. யாராவது ரீஸ்டோர்கான் போட்டால் அழிந்துவிடும். 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் பாலிசியிலேயே எழுதி, அதன் பிறகு ரீஸ்டோர்கான் போடுவதே முறை. அந்த ஒரு டைரக்டரிக்கு மட்டும் போடுங்கள், மொத்த சைட்டுக்கும் வேண்டாம். போர்ட்டுக்கும் லேபிள் உண்டு. வெப் சர்வரை 8090-ல் ஓட்ட ஆசைப்பட்டால், 'செமேனேஜ் போர்ட்' மூலம் அதை 'எச்டிடிபி_போர்ட்_டி' பட்டியலில் சேர்க்க வேண்டும்.

'ஆடிட்2அலவ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ரெஜிஸ்தரில் தடுக்கப்பட்டதையெல்லாம் பார்த்து, அனுமதி கொடுக்கும் விதிகளைத் தானே எழுதித் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் முதல் தடுப்புக்கு அதைப் போட்டிருந்தால், "யூசர்_ஹோம்_டி லேபிள் உள்ள ஃபைல்களை வெப் சர்வர் படிக்கலாம்" என்று எழுதியிருக்கும்! ஒரு ஃபைலில் தப்பான சீட்டு இருந்ததற்காக, எல்லோருடைய வீட்டு ஃபைல்களுக்கும் பாஸ் கொடுத்த கதை ஆகியிருக்கும். அதைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் எழுதித் தந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று என் தோழி கேட்டாள். 2014 செப்டம்பரில் பேஷ் ஷெல்லில் 'ஷெல்ஷாக்' என்ற ஓட்டை வெளியானது. சில வெப் சர்வர்களுக்கு ஒரு விசேஷ வரியை அனுப்பினாலே, வெளியாள் சொல்லும் கட்டளையை அந்த சர்வர் ஓட்டிவிடும். எஸ்.ஈ. லினக்ஸ் அந்த ஓட்டையை அடைக்காது. ஆனால் அப்படி உள்ளே வந்தவனும் வெப் ஸ்கிரிப்டின் சீட்டோடுதான் நிற்பான். பாஸ்வேர்டு ஹாஷ் இருக்கும் ஷேடோ ஃபைலை அவனால் படிக்க முடியாது, மாணவர்களின் ஹோம் டைரக்டரிக்கும் போக முடியாது. வெப் சர்வருக்கே அனுமதி உள்ள ஃபைல்களை அவனும் படிப்பான்தான், அதை மறைக்கக் கூடாது. எங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படி ஒரு ஃபைலில்தான் இருந்தது.

அடுத்த வாரம் சார் வந்தார். நாங்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே 'கெட்என்ஃபோர்ஸ்' அடிக்கச் சொன்னார். 'என்ஃபோர்சிங்' என்று வந்தது. லேபிளைக் காட்டச் சொன்னார், பூலியனைக் காட்டச் சொன்னார். சாதாரண 'எல்எஸ்' போட்டுப் பார்த்தபோது எங்கள் 777 அப்படியே இருந்தது. அதைத் திருப்ப மறந்தே போயிருந்தோம். இரண்டு மார்க் போயிற்று. கடைசியில், "ரீபூட் பண்ணும்மா" என்றார். மெஷின் ஏறுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தைத் திறந்தேன். வந்தது.

- மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை