செக்கைப் பெட்டியில் போடும் முன்

கைக்கு வந்த செக்கின் இடது மூலையைப் பாருங்கள். இரண்டு சாய்கோடு, நடுவே 'அக்கவுன்ட் பேயி' என்று இருக்கிறதா? அப்படியானால் பணம் அதில் பெயர் உள்ளவரின் கணக்கில்தான் சேரும். பின்பக்கம் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ கொடுத்தாலும் வங்கி ஏற்காது.

கோடு போடாத ஆர்டர் செக் என்றால், 'இன்னாருக்குத் தரவும்' என்று பின்னால் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்கலாம். 1881-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவரே பணம் கேட்கலாம். வழியில் தொலைந்தால் வம்புதான்.

செக்குக்கு ஆயுள் மூன்றே மாதம். ஆறு மாதம் என்பது 2012 ஏப்ரலோடு போயிற்று. பெயரிலோ தொகையிலோ அடித்தல் திருத்தல் இருந்தால், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயனில்லை. வேறு செக் கேட்டு வாங்குங்கள். இப்போது வங்கிக்கு வங்கி போவது செக்கின் படம்தான், தாள் அல்ல. சென்னையில் இந்த முறை 2011 செப்டம்பரில் வந்தது. ஆகவே அடியில் எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் எதையும் கிறுக்க வேண்டாம்.

சலானில் கணக்கு எண்ணை எழுதி, செக்கின் பின்னாலும் அதையும் போன் நம்பரையும் குறித்துவிடுங்கள். பெட்டியில்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். கவுன்ட்டரில் கொடுத்து, சலானின் அடிச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் தர மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.