ஒரு கிலோமீட்டர் வட்டமும் எல்.கே.ஜி. சீட்டும்

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா போன மாதம் கேட்டார்: "ஏனுங்க சார், இங்க ஆர்.எஸ்.புரத்துல இருக்கற ஸ்கூலுக்கு எம் பேத்திக்கு ஃப்ரீ சீட்டு அப்ளை பண்ண முடியுங்களா?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது எல்.கே.ஜி.தான். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தந்துவிடும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. 40 சீட்டு இருந்தால் 10. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கணும், அல்லது பட்டியலிட்ட பிரிவுகளில் ஒன்றாக இருக்கணும்.

முக்கியமான நிபந்தனை, வீடு பள்ளியிலிருந்து 1 கி.மீ.க்குள் இருக்கணும் என்பது. கணக்குப் போட்டால் அது 3.14 சதுர கி.மீ. வட்டம். அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் வகுப்பின் கலவையைத் தீர்மானிக்கிறது.

அந்த அக்கா முத்தண்ணன் குளக்கரையில் இருந்தவர். சில வருஷம் முன்னால் அங்கிருந்த வீடுகளை இடித்து, மக்களை மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் பக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். இன்று தினமும் பஸ் பிடித்து இங்கே வருகிறார். வேலை இங்கே, விலாசம் அங்கே. விண்ணப்பத்தில் விலாசம்தான் செல்லும்.

கவனியுங்கள்: கட்டணம் கட்டக்கூடியவர்கள் இருக்கும் இடத்தில்தான் பெரிய தனியார் பள்ளிகள் வரும், 25% சீட்டும் அங்கேதான் உருவாகும். ஏழைகளை ஊர் ஓரத்துக்குத் தள்ளினால் சீட்டு ஒரு வட்டத்திலும் குழந்தை இன்னொரு வட்டத்திலும் நிற்கும்.

கலந்து படிப்பதால் என்ன லாபம்? டெல்லி தனியார் பள்ளிகளில் கௌதம் ராவ் செய்த ஆய்வு 2019ல் வெளியானது. ஏழைக் குழந்தைகளோடு படித்த வசதியான குழந்தைகளிடம் தாராள மனசு கூடியது, பாகுபாடு குறைந்தது. ஆங்கில மதிப்பெண் மட்டும் லேசாகச் சரிந்தது.

சட்டம் இருந்தாலும் நடைமுறை ஆட்டம் காணும். 2025ல் மத்திய நிதி வராததைக் காரணம் காட்டி மாநிலம் வழக்கமான மாதத்தில் சேர்க்கையைத் தொடங்கவில்லை. கோவைக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், அது காரணமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். அதுவரை ஃபீஸ் கட்டிக் காத்திருக்க ஏழையால் முடியுமா?

என் யோசனை ஒன்றுதான். அரசே இடம் மாற்றிய குடும்பங்களுக்குச் சில வருஷத்துக்குப் பழைய விலாசத்தையும் கணக்கில் எடுக்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு கூடுதல் கட்டம், அவ்வளவுதான்.

அக்காவிடம், இப்போதைய விதிப்படி இங்கே முடியாது, மலுமிச்சம்பட்டி பக்கம் பாருங்க என்றேன். "அங்க இருக்கறவங்க எல்லாம் எங்களாட்டந்தானுங்க, எல்லாரும் போடுவாங்க" என்றார். குலுக்கல் என்றால் என்னவென்று அவருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருந்தது.