விற்கக் கூடாது, பகிரலாம்: ஓரிகன் வீட்டு பீரும் ஹாப்ஸ் சோதனைகளும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சலாம். ஆனால், அதில் ஒரு சொட்டைக்கூட விற்கக் கூடாது. இந்தத் தடையைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய நன்மையாகத் தெரிகிறது. காசு கைமாறாத இடத்தில்தான் “இந்தத் தடவை உன் பீர் சரியில்லை” என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லியும் கேட்டும்தான் போர்ட்லாண்டில் நாங்கள் இந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுவருகிறோம்.

நான் இங்கே குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு கராஜில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், தச்சர் எனப் பல வேலை பார்ப்பவர்கள். “இப்போது உங்கள் வீட்டில் என்ன நொதிக்கிறது?” என்பதுதான் எங்கள் நலம் விசாரிப்பு. கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். காய்ச்சிய தேதி, அடைத்த தேதி, என்ன ஹாப்ஸ், எத்தனை கிராம், எந்த வடிவில் என்ற விவரங்கள் அதில் இருக்கும். டேப் இல்லாத பாட்டிலைத் திறப்பதில்லை. ஆளுக்கு நாலு மடக்குதான் ஊற்றுவோம். வண்டி ஓட்ட வேண்டியவர் முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்.

தென்காசியில் இருக்கும் என் பெரியம்மா இதைக் கேள்விப்பட்டதும் போனில் பதறிவிட்டார். “ஏட்டி, படிச்ச பிள்ள நீ சாராயமா காய்ச்சுத? கள்ளக்குறிச்சியில எத்தன பேரு செத்தாவன்னு தெரியுமா?”

நியாயமான பயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். பீர் காய்ச்சுவது வேறு வேலை. இதில் சாராயம் வடிப்பது இல்லை. தானியச் சாற்றை ஈஸ்ட் நொதிக்கவைக்கிறது, அவ்வளவுதான். அதில் உடலைக் கெடுக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம் வீட்டில் செய்ய அனுமதித்ததும் பீரைத்தான், வடிப்பதை அல்ல. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவதும் குற்றம். எனவே இதைச் செய்முறைக் குறிப்பாக எழுதவில்லை. சாதாரண மனிதர்கள் கூடி ஒரு நறுமணத்தை ஆராயும் விதத்தைச் சொல்லவே எழுதுகிறேன்.

மஞ்சள் தூள்

முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை உடைத்து, சுமார் 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வடித்தெடுக்கும் இனிப்புச் சாறுக்கு வோர்ட் என்று பெயர். அதைக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் ஓரிரு வாரங்களில் பீர். வீட்டில் காய்ச்சுபவர்கள் பொதுவாக ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர் செய்வார்கள்.

இந்தச் சாற்றில் ஹாப்ஸ் சேராவிட்டால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். ஹாப்ஸ் ஒரு கொடி. கஞ்சா செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது, போதை தராதது. பெண் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்பைப் பிய்த்துப் பார்த்தால், இதழ்களின் அடியில் பிசுபிசுவென்று மஞ்சள் தூள் இருக்கும். அதுதான் லுப்புலின். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்களும் மணத்தைத் தரும் எண்ணெய்களும் அதற்குள் இருக்கின்றன. கசப்பு வெறும் சுவைக்காக மட்டும் இல்லை. பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றை அது வளரவிடாது. லண்டனின் போ மதுவாலையிலிருந்து ஹாட்ஜ்சன் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு அனுப்பிய வெளிர் பீர், மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கியதில் ஹாப்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று உலகெங்கும் விற்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரின் பின்னணியில் அந்தக் கப்பல் வணிகம் இருக்கிறது.

எப்போது போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கொதித்தால் ஆல்ஃபா அமிலம் உருமாறி நீரில் கரைந்து கசப்பைத் தரும். ஆனால் மண எண்ணெய் எல்லாம் ஆவியோடு போய்விடும். ரசம் நுரைகட்டி இறக்கிய பிறகு மல்லித்தழை தூவுகிறோமே, அதே காரணத்துக்காகத்தான் மணத்துக்கான ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகு போடுகிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், நொதித்து முடியும் தறுவாயில் ஆறிய பீரிலேயே போடுவதும் உண்டு. அதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். எங்கள் கராஜ் விவாதங்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

ஒரே ஹாப்ஸ், நான்கு வடிவம்

போர்ட்லாண்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு வந்துவிடும். அமெரிக்க ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கேதான் விளைகிறது. ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கும். பறித்த கூம்பு ஈரத்தோடு கிடந்தால் வீணாகிவிடும் என்பதால் உடனே சூட்டு அறையில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். அதன் பிறகு அந்தக் கூம்பு பல வடிவங்கள் எடுக்கிறது.

முதலாவது, முழுக் கூம்பு. இரண்டாவது, அரைத்து அழுத்திய பெல்லட். இதில் பரவலானது டி-90. 100 கிலோ கூம்பிலிருந்து 90 கிலோ பெல்லட் கிடைத்த கணக்கில் வந்த பெயர் அது. மூன்றாவது கிரையோ. யாக்கிமா சீஃப் ஹாப்ஸ் நிறுவனம் 2017-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடுங்குளிரான நைட்ரஜன் சூழலில் கூம்பை உறையவைத்து, இலைப்பகுதியை நீக்கி, லுப்புலினை மட்டும் திரட்டுகிறார்கள். வீரியம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால் பெல்லட்டில் பாதி எடை போதும். நான்காவது திரவ வடிவம். கரியமில வாயுவை அழுத்தத்தில் செலுத்திப் பிரித்தெடுக்கும் பிசின் போன்ற சாறு கொதிக்கும்போது கசப்புக்குப் பயன்படும். குளிர்ந்த பீரிலும் கலையும்படி செய்த திரவமும் இப்போது கிடைக்கிறது.

நான்கில் எது மேல்? விளம்பரத்தை நம்புவதற்குப் பதிலாகச் செய்து பார்த்தோம். பெரிய பானையில் ஒரே வோர்ட் காய்ச்சி நான்காகப் பிரித்தோம். ஒரே ஈஸ்ட், ஒரே வெப்பநிலை. நான்கிலும் 2008-ல் வெளிவந்த சிட்ரா ரக ஹாப்ஸ். பெல்லட் 100 கிராம், கிரையோ 50 கிராம் என்ற விகிதம். கிளாஸ்களின் அடியில் எழுத்து ஒட்டி, எது எதுவென்று ஊற்றியவருக்கு மட்டும் தெரியும்படி வைத்தோம்.

முழுக் கூம்பில் மென்மையான மணம் வந்தது, கூடவே அறுத்த புல்லின் வாடையும். அது பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டதில் ஒரு லிட்டருக்கு மேல் பீர் போய்விட்டது. பெல்லட்டில் எலுமிச்சைத் தோலும் மாம்பழமும் தூக்கலாக இருந்தன. விழுங்கும்போது தொண்டையில் லேசான காந்தல். அரைபட்ட இலைத் துகள் மிதக்கும்வரை அந்தக் காந்தல் இருக்கும், குளிரில் சில நாள் படியவிட்டால் குறையும். கிரையோவில் பழ மணம் மட்டும் துல்லியமாக நின்றது. திரவம் சேர்த்த பீரில் வண்டலே இல்லை, மணம் நல்ல பளிச். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று செவிலியர் சொன்னார். பலர் அதை ஒப்புக்கொண்டோம். அன்றைக்கு அதிகம் பேர் கேட்டது பெல்லட்டும் கிரையோவும் பாதிப் பாதி. இலையின் காரமும் லுப்புலினின் பழமும் சேர்ந்தால்தான் முழுமை என்று எனக்கும் பட்டது. அடுத்த மாதம் அதையே காய்ச்சினோம்.

இன்னொரு பாட்டிலும் நினைவில் இருக்கிறது. கேஸ்கேட் என்ற பழைய ரகத்தை அடுப்பில் போடாமல் மால்ட் ஊறும்போதே சேர்த்திருந்தார் ஆசிரியர். ஹாப்ஸில் மணமில்லாமல் கட்டுண்டு கிடக்கும் கந்தகச் சேர்மங்களை விடுவிக்கும் ஈஸ்ட் ரகங்கள் சில ஆண்டுகளாக விற்பனைக்கு வருகின்றன. அதைப் பயன்படுத்தியிருந்தார். மூடியைத் திறந்ததும் எங்கள் ஊர்ச் சந்தையில் கூடைகளில் பழுத்துக் கிடக்கும் கொய்யாவின் மணம்! பார்லியிலும் ஹாப்ஸிலும் இருந்து இப்படியொரு மணம் வரும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

எவ்வளவு போட்டால் போதும்?

மணம் வேண்டுமென்று ஹாப்ஸை அள்ளிக் கொட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லஃபோன்டைன், ஷெல்ஹேமர் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அந்த ஆசைக்கு ஓர் எல்லை காட்டியது. கேஸ்கேட் ஹாப்ஸை லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் டிரை ஹாப்பிங் செய்தால் எலுமிச்சை மணம் கூடுவதில்லை, மூலிகை, தேயிலை வாடைதான் ஏறுகிறது. 19 லிட்டருக்கு இது சுமார் 150 கிராம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எங்கள் டேப்புகளில் கிராம் குறைந்தது, பீர் மேம்பட்டது.

ஆபத்தும் இருக்கிறது. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சத்துத் துணுக்குகளை உடைத்துச் சர்க்கரையாக்கும். தூங்கிய ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். அவசரப்பட்டு அடைத்த பாட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும். 1893-லேயே பிரவுன், மோரிஸ் என்ற ஆங்கிலேய வேதியியலர்கள் இதைப் பதிவுசெய்துவிட்டார்கள். ஹாப்ஸ் போட்ட பிறகு பீரின் அடர்த்தி சில நாள் மாறாமல் நிற்கிறதா என்று ஹைட்ரோமீட்டரில் பார்த்துவிட்டே அடைக்க வேண்டும். காற்று பட்டால் மணம் மங்கி நிறம் கறுக்கும். வெயில் பட்டால் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வரும், அதனால்தான் பழுப்பு பாட்டில். இத்தனையும் தாண்டி வரும் மணம் சில வாரங்களே நிற்கும். எனவே இப்போது என்ன நொதிக்கிறது என்ற கேள்விக்கு அவசரம் இருக்கிறது.

கராஜிலிருந்து கடைக்கு

கேஸ்கேட் ரகத்தின் பிறப்பு 1956-ல் நடந்த ஒரு கலப்பில். ஓரிகனின் கோர்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறை வளர்த்து 1972-ல் வெளியிட்டது. அதை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் கென் கிராஸ்மன். கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் 1976-ல் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான கடை நடத்திவந்தவர், 1980-ல் சியெரா நெவாடா பேல் ஏலைக் காய்ச்சினார். இன்று நாம் ‘கிராஃப்ட் பீர்’ என்று அறிவது பெரும்பாலும் அவர் போன்ற வீட்டுக் காய்ச்சுநர்களின் சமையலறைகளில் உருவானது.

அப்படி உருவாவதற்கே சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டாட்சி அளவில் குற்றமில்லை என்றானது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரம்பு. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை ஏற்கவில்லை. ஓரிகனிலும் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் காய்ச்சியது வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று 2010-ல் சட்டத்துக்கு விளக்கம் தரப்பட்டது. மாநிலக் கண்காட்சியில் நடந்துவந்த வீட்டு பீர் போட்டி அந்த ஆண்டு நின்றது. காய்ச்சுபவர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2011-ல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து, வெளியே எடுத்துச்சென்று பகிரவும் போட்டியில் வைக்கவும் வழிசெய்தது.

இந்த இரண்டு சட்டங்களில் எனக்கு 2011-ன் திருத்தமே பெரியது. 1978 தனி ஆளுக்கு அனுமதி தந்தது. தனியாகக் காய்ச்சித் தனியாகக் குடிப்பவருக்குத் தன் பீரின் குறை தெரிய வழியில்லை, தன் மூக்குக்குப் பழகிய வாடையை மணம் என்றே நம்பிக்கொண்டிருப்பார். நான்கு கிளாஸை வரிசையாக வைத்து, எடையும் தேதியும் மறைக்காமல் சொல்லி, பத்துப் பேர் வாயால் தீர்ப்புக் கேட்டால்தான் சோதனை என்பது சோதனையாகும். ஹாப்ஸ் நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதுப் புது வடிவங்களைக் கொண்டுவரட்டும். அவற்றில் எது பயன்படும், எது பயன்படாது என்று கண்டுபிடிக்க, விற்பதற்கு எதுவும் இல்லாத மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும். அதற்கு இடம்கொடுத்த சட்டத்தை நான் மதிக்கிறேன்.