புகழும் குழந்தைகளின் புகலிடமும்

புகழ்பெற்ற ஒருவர் குழந்தைகள் நலனுக்காக நிதி திரட்ட முன்வந்தார் என்று கேள்வியுறும்போது, நம்மிடையே இருவகை எண்ணங்கள் எழுவதுண்டு. பெரியவர் மனமிரங்கினாரே என மகிழ்வர் ஒருசாரார். இதுவும் விளம்பரந்தானே என ஐயுறுவர் மற்றொருசாரார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று சொல்லிப் பழகிய நமக்கு அவ்வையம் எழுவது இயல்பே. எனினும், கொடுப்பவரின் உள்ளத்தை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அக்கொடையினால் குழந்தை பெற்ற பயன் யாது என்பதையே நாம் அளத்தல் கூடும். அவ்வாறு அளந்து பார்ப்பதற்கு, இலண்டன் மாநகரின் ஒரு சிறு பகுதியில், ஏறத்தாழ 250 ஆண்டுக் கால எல்லைக்குள் நிகழ்ந்த செய்திகள் சிலவற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகள் இலண்டனின் தெருவோரங்களில் கிடப்பது புதுமையன்று. கப்பல் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த தோமஸ் கோரம் என்பவர் அக்காட்சியைக் கண்டு பொறாராய், அக்குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமைக்க முனைந்தார். அவருக்குத் தடையாக நின்றது பணமின்மை மட்டுமன்று, பழியச்சமும் ஆகும். மணமாகாத தாயரின் மக்களை ஏற்று வளர்ப்பது ஒழுக்கக்கேட்டுக்கு இடங்கொடுப்பதாகும் என்று பலர் கருதினர். ஆதலால் தம் பெயரைக் கொடுக்கப் பெரியோர் தயங்கினர். 17 ஆண்டுகள் அவர் பலருடைய வாயில்களில் ஏறி இறங்கினார். இறுதியில், சமர்செற் கோமகள் முதலாக உயர்குடிப் பெண்மணிகள் 21 பேர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். அதன் பின்னரே ஏனையோரும் துணிந்தனர். 1739ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் பட்டயம் வழங்கினார். பெயர்பெற்றோரின் பெயரினால் விளையும் முதற்பயன் இதுவே: பழிக்கு அஞ்சி ஒதுங்கி நின்றோரை அருகில் வரச் செய்தல்.

இல்லம் 1741ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி திறக்கப்பட்டபோது, அதன் துணையாக நின்றவருள் ஒருவர் ஓவியர் வில்லியம் ஹோகாத். அவர் தாம் தீட்டிய கோரத்தின் உருவப்படத்தை இல்லத்துக்கு அளித்தார்; பிற ஓவியரையும் தத்தம் படைப்புகளை அளிக்குமாறு தூண்டினார். ஓவியங்களைக் காண வந்த செல்வர், குழந்தைகளையும் கண்டனர், கண்டோர் கொடுத்தனர். ஹோகாத் அத்துடன் அமையவில்லை. தாமும் தம் மனைவியுமாக அவ்வில்லத்துக் குழந்தைகள் சிலரைத் தம் வீட்டில் வைத்துப் பேணினர்.

இசைமேதை ஹாண்டெலின் தொண்டோ இதனினும் நெடியது. 1750ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, அவ்வில்லத்தின் தேவாலயத்தில் ‘மெசையா’ என்னும் தமது இசைக்காவியத்தை நிகழ்த்தினார். கூட்டம் மிகுந்து பலர் திரும்பிச் செல்ல நேர்ந்தமையால், இரு வாரங்களில் அது மீண்டும் நிகழ்த்தப்பட்டது. பின்னர் அது ஆண்டுதோறும் நிகழலாயிற்று. அந்நிகழ்ச்சிகளால் இல்லம் பெற்ற தொகை ஏறக்குறைய 7,000 பவுண் என்பர். ஏழாண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் சிறப்பான வரவேற்பைப் பெறாதிருந்த அக்காவியம், இக்குழந்தைகளின் பொருட்டுப் பாடப்பட்டதன் வாயிலாகவே மக்கள் நெஞ்சில் நிலைபெற்றது என்பதும் கருதத்தக்கது. கொடுத்தவரும் பெற்றார். ஆயின், அதனாற் குழந்தைகள் இழந்தது ஒன்றுமில்லை.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. இடம் போதாமையால், 1742ஆம் ஆண்டு முதல், குழந்தையுடன் வந்த தாயர் ஒரு பையினுள் கையிட்டு ஓர் உருண்டையை எடுக்க வேண்டியவராயினர். வெள்ளை உருண்டை எடுத்தவளின் குழந்தை, நோயற்றதாயின், ஏற்கப்படும். சிவப்பு எடுத்தவள் காத்திருக்க வேண்டும். கறுப்பு எடுத்தவள் குழந்தையுடன் திரும்ப வேண்டும். நாகரிகச் சீமாட்டிகள் அங்கு வந்து அச்சடங்கைப் பார்த்திருந்தனர். ஒரு தாயின் நடுங்கும் கை பிறர்க்குக் காட்சிப்பொருளாயிற்று. புகழுக்குரியோர் புகுமிடத்தில் நேரக்கூடிய தீங்கு இது: உதவி பெறுபவரின் மானம் மறக்கப்படுதல்.

மற்றொரு தீங்கு, பொருளே போதும் என்று மயங்குதல். 1756ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிதியுதவி அளித்து, வரும் குழந்தைகள் அனைவரையும் ஏற்குமாறு பணித்தது. நான்காண்டுகளுள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து குவிந்தனர். அவர்களுள் தொழில் பழகும் பருவம்வரை உயிருடன் வளர்ந்தோர் 4,400 பேரளவினரே. பாலூட்டவும் நோய் பார்க்கவும் போதிய கைகள் இல்லாதவிடத்துப் பொருள் என் செய்யும்? குழந்தையை வளர்ப்பவர் பெயர் அறியப்படாத செவிலியரேயாவர்.

அவ்வில்லம் இருந்த இடத்துக்கு அணித்தே கிறேற் ஓமண்ட் வீதியில், 1852ஆம் ஆண்டு, பத்துப் படுக்கைகளுடன் சிறுவர் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. 1858ஆம் ஆண்டில் நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் நிகழ்த்திய உரை அதற்குப் பெருநிதி ஈட்டித் தந்தது. 1929ஆம் ஆண்டில், மருத்துவமனை விரிவுக்காக அமைக்கப்பட்ட குழுவில் அமருமாறு எழுத்தாளர் ஜே. எம். பரி அழைக்கப்பட்டார். அவர் குழுவில் அமர இசைந்தாரல்லர். ஆனால் சில வாரங்களில், தமது ‘பீற்றர் பான்’ நாடகத்தின் உரிமையை முழுவதுமாக மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அதனால் வரும் தொகை எவ்வளவு என்பதை வெளியிடலாகாது என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் மறைந்தது 1937ஆம் ஆண்டில். 50 ஆண்டுகள் கழிந்து பதிப்புரிமை முடிவுற்றபோது, முன்னாட் பிரதமர் ஜேம்ஸ் கலகன் பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அதன் வழியே, 1988ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டில் அந்நாடகத்தால் வரும் உரிமைப் பணம் மருத்துவமனைக்கு என்றும் உரியதென உறுதிசெய்தது. பரி மேடையில் நின்று பெற்றுத்தரும் கைதட்டல் ஒரு மாலைக்கு உரியது. அவர் எழுதிக் கொடுத்த உரிமையோ அவருக்குப் பின்னும் உழைக்கின்றது.

இங்குக் குறிப்பிட்டோருள் கோரம், ஹோகாத், ஹாண்டெல், பரி ஆகிய நால்வரும் தமக்கென மக்களைப் பெறாதவர்கள். அவர்கள் பிறர் மக்களுக்குக் கொடுத்தது தத்தம் உழைப்பின் விளைவையே: ஒருவர் நடையை, ஒருவர் தூரிகையை, ஒருவர் இசையை, ஒருவர் எழுத்தை.

ஆதலின், புகழுடையார் ஒருவரைக் குழந்தைகளின் பொருட்டு அழைப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இவர் வந்தபின் அஞ்சி நின்றோர் அணுகுவரா? இவர் சென்றபின்னும் நிற்பது யாது? இவர் நிற்கும் வேளையில் குழந்தையின் மானம் காக்கப்படுமா? பிரமுகரை வரவேற்கச் சிறாரை வெயிலில் நெடுநேரம் நிறுத்திவைக்கும் வழக்கத்தைப் பள்ளிக்கூடங்களில் கண்டவன் என்ற முறையில், மூன்றாம் வினாவையே நான் முதலில் வைப்பேன்.

பழைய இல்லம் நின்ற அந்நிலத்தில் இன்று கோரத்தின் பெயரால் சிறுவர் விளையாட்டுத் திடல் ஒன்று உள்ளது. குழந்தை ஒன்றை உடன் அழைத்து வாராத முதியோருக்கு அங்கு அனுமதியில்லை. எத்துணைப் புகழுடையாரேனும், குழந்தையின் கையைப் பற்றியே அவ்வாயிலினுள் நுழைதல் வேண்டும்.