ஏரியும் காடும் வேண்டும் பறவை

மலைமேல் ஓர் ஏரி; ஏரியைச் சூழ்ந்து காடு. ஏரியும் காடும் இணைந்த இடமாதலின் ஏற்காடு எனப் பெயர்பெற்றது என்பர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகச் சேலம் மாவட்டத்தில் எழுந்து நிற்கும் சேர்வராயன் மலை, 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் சரிவுகளில் வழியும் மழைநீர் அடிவாரத்து ஏரிகளை நிரப்புகிறது. கண்ணங்குறிச்சியை அடுத்த மூக்கனேரி அவற்றுள் ஒன்று. இத்தகைய நீர்நிலைகளில் மீனுண்டு வாழும் பறவைகளுள் ஒன்று சிறிய நீர்க்காகம். ஏற்காட்டின் பெயரில் அமைந்த ஏரி, காடு என்னும் இரண்டும் இப்பறவைக்கு இன்றியமையாதவை.

பெயரும் தோற்றமும்

நிறத்தால் காகத்தை ஒத்திருப்பினும் நீர்க்காகம் காக இனத்தைச் சேர்ந்ததன்று. இலத்தீன் மொழியினரும் இப்பறவை இனத்தைக் ‘கடற்காகம்’ என்னும் பொருள்படவே அழைத்தனர். சிறிய நீர்க்காகம் ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுடையது. இனப்பெருக்கக் காலத்தில் இதன் உடல் பளபளக்கும் கருமை பெறும். பிற காலங்களில் சற்றே பழுப்பேறித் தொண்டைப் பகுதி வெளிறித் தோன்றும். அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். வாத்தின் கால்களில் முன்விரல்கள் மூன்றை மட்டுமே சவ்வு இணைக்கிறது. நீர்க்காகத்திற்கோ நான்கு விரல்களும் சவ்வால் இணைந்துள்ளன.

குறையே நிறை

நீர்ப்பறவைகள் பலவற்றின் இறகுகளில் நீர் ஒட்டுவதில்லை. இறகுகளிடையே தங்கும் காற்று அவற்றை எளிதாக மிதக்கச் செய்கிறது. நீர்க்காகத்தின் நிலை வேறு. இதன் இறகுகளின் நடுப்பகுதி நனையாது. வெளிப்பகுதியோ எளிதில் நனைந்துவிடும். அதனால் இறகுகளிடையே தங்கும் காற்று குறைகிறது. மிதக்கும் தன்மையும் குறைகிறது. குறைபோலத் தோன்றும் இவ்வமைப்பே வேட்டைக்குத் துணையாகிறது. நீர்க்காகம் மிகுந்த முயற்சியின்றி மூழ்கி, கால்களால் நீரை உந்தி, மீனைத் துரத்திப் பிடிக்கிறது. பெரிய மீனாயின் மேலே கொணர்ந்து, துடுப்புகளும் செதில்களும் தொண்டையில் சிக்காதவாறு தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குகிறது.

வேட்டை முடிந்ததும் நனைந்த சிறகுகளை உலர்த்தியாக வேண்டும். பட்ட மரக்கிளையிலோ பாறையிலோ அமர்ந்து, இரு சிறகுகளையும் விரித்து வெயிலில் காய்வது இதன் வழக்கம். ஏரி உணவளிக்க, மரம் அடுத்த வேட்டைக்கு ஆயத்தமாக்குகிறது.

கூடும் குஞ்சும்

நீர்க்காகங்கள் நீரை அடுத்த மரங்களில் கொக்கு, நாரை ஆகியவற்றோடு கூட்டமாகக் கூடமைக்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து சுள்ளிகளால் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் இறகின்றிப் பிறக்கும். பெற்றோரின் தொண்டைக்குள் தலையை நுழைத்து உணவு பெறும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் மரங்கள் இத்தகைய கூடுகளைத் தாங்குகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் உழவர்கள், பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அவர்தம் உரிமையை மதித்து, 1798ஆம் ஆண்டிலேயே பறவைகளின் பாதுகாப்புக்கு அரசாணை வழங்கப்பட்டது.

மீண்ட ஏரி

ஏரியில் நீர் நிறைந்தால் மட்டும் போதாது. கரைமரங்களை வெட்டினால் நீர்க்காகம் சிறகுலர்த்தவும் கூடமைக்கவும் இடமிராது. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடினால் மீன் தேடி மூழ்க இயலாது. கழிவுநீர் கலந்தால் மீன்வளம் குன்றும். இவ்வுண்மையை உணர்ந்த முயற்சியொன்று மூக்கனேரியில் நிகழ்ந்தது. சேலம் மக்கள் 2010ஆம் ஆண்டில் அவ்வேரியைச் சீரமைக்கத் தொடங்கினர். தோண்டிய மண்ணை வெளியேற்றாமல், ஏரிக்குள்ளேயே சிறுசிறு திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரக்கன்றுகளை நட்டனர். தூர்வாரிய மண்ணே பறவைகளுக்குத் தங்குமிடமாயிற்று.

ஏரியைக் காப்பதென்பது நீரை மட்டும் காப்பதன்று. கரையையும் மரத்தையும் சேர்த்துக் காப்பதாகும். கிளையில் சிறகு விரித்து அமர்ந்திருக்கும் நீர்க்காகம், அவ்விரண்டும் அங்கு இன்னும் இணைந்திருக்கின்றன என்பதற்குச் சான்று.