இது ஜின் அல்ல, குடிநோய்!

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் பாதையில் 18 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் ஒரு தமிழ் மலரின் பெயர். அவ்வழியே தேயிலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிவந்த ஒருவரின் மனைவி, ரமலான் பிறை மூன்றில் செம்பு நிறையத் தண்ணீருடன் எங்கள் மதரஸா வாசலில் வந்து நின்றார்.

"ஹஜரத், கொஞ்சம் ஓதித் தாங்க. பிள்ளைகளோட அத்தாவுக்கு ஜின் பிடிச்சிருக்கு. செவுத்துல பூச்சி ஊருதுங்கிறாரு. கை நடுங்குது, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"நோன்பு வைத்திருக்கிறாரா?"

"தலைநோன்புலேருந்து எல்லாத்தையும் விட்டுட்டாரு ஹஜரத்."

'எல்லாத்தையும்' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்ததைக் கேட்டறியக் கால்மணி நேரம் ஆயிற்று. பல்லாண்டுகளாக நாள்தோறும் அருந்திய மதுவை, நோன்பின் கண்ணியம் கருதி ஒரே இரவில் நிறுத்தியிருக்கிறார்.

தண்ணீரை ஓதிக் கொடுத்தேன். அத்துடன் 108 ஆம்புலன்ஸை வரவழைத்து, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். இந்த அறிவு எனக்கு நூலில் கிடைத்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் வந்த ஒருவரை ஓதி மட்டும் அனுப்பிவிட்டு, மறுநாள் அவருடைய ஜனாஸாவில் நின்றவன் நான்.

நாள்தோறும் பெருமளவில் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதன கண்ணுக்குத் தெரிவதும், சித்தம் கலங்குவதும் நேரலாம். இந்நிலை உயிரையே பறிக்க வல்லது. தக்க மருந்தும் வைட்டமின் பி-1 ஊசியும் அளித்து மருத்துவர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். நோயாளி நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ள மார்க்கம் இடமளித்திருக்கிறது. ரமலானில் குடியை விட எண்ணும் சகோதரர், பிறை பார்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நலம்.

மது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அல்மாயிதா அத்தியாயம் அதனை முடித்துவைத்துவிட்டது. ஆனால் ஹராம் என்பதனாலேயே நம் மஹல்லாக்களில் குடிப்பவர் 'இல்லை' என்று பேசிப் பழகிவிட்டோம். மற்ற வீடுகளில் அண்டை அயலாருக்குத் தெரிந்துவிடும் நோய், நம் வீடுகளில் திரைக்குப் பின்னால் முற்றுகிறது. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. அவர் பலமுறை அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டவர் என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவமனை உடலிலிருந்து மதுவை இறக்கிவிடும். வீடு திரும்பிய பிறகு வரும் மாலைப் பொழுதுகளுக்கு என்ன செய்வது? ஜீப் ஓட்டுநருடன் மதுரையில் நடந்த ஒரு கூட்டத்திற்குச் சென்றேன். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் வகுப்பறை அது. வாசலில் அவர் தயங்கினார். உண்மையைச் சொன்னால் நானும் தயங்கினேன். உள்ளே உபதேசம் ஏதுமில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைக் கூறினார்கள். மூன்றாமவர் பேசும்போது நம் சகோதரர் அழுதுவிட்டார். எத்தனையோ ஜும்ஆப் பிரசங்கங்கள் செய்யாததை ஒரு கொத்தனாரின் பத்து நிமிடப் பேச்சு செய்தது.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற இவ்வமைப்பு, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. இந்தியாவிற்கு 1957-இல் வந்தது. கட்டணமில்லை, வருகைப் பதிவேடில்லை. குடியை விட வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே தகுதி. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனை அவரவர் அறிந்தவாறு நாடச் சொல்கிறது. நாம் அல்லாஹ்வை நாடுவதற்கு யாரும் குறுக்கே நிற்பதில்லை. இதே பன்னிரு படிகளை இஸ்லாமிய நெறியில் அமைத்து, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989-இல் முஸ்லிம்கள் 'மில்லத்தீ இஸ்லாமீ' என்ற குழுவைத் தொடங்கினர்.

உங்களுக்கு அருகில் கூட்டம் எங்கே என்று எவ்வாறு அறிவது? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். பெயர் சொல்லக் கூசுபவர் சொல்ல வேண்டியதில்லை. முதன்முறை செல்பவர் 'திறந்த கூட்டமா' என்று கேட்டுக்கொண்டால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டுமானவை.

சகோதரிகளே, உங்களுக்கும் ஓரிடமுண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' என்ற அமைப்பு 1951 முதல் இயங்குகிறது. கணவர் கூட்டத்திற்கு வர மறுத்தாலும் நீங்கள் செல்லலாம். சென்னையில் 1980-இல் போதை மீட்பு மருத்துவமனையைத் தோற்றுவித்த சாந்தி ரங்கநாதன் அவர்களும் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவரே.

ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலையிலிருந்து இறங்கி மதுரை வரை ஒவ்வொரு வாரமும் சென்றுவர ஒரு கூலித் தொழிலாளிக்கு இயலாது. குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு அமைந்துவிடும் என்பது அவர்களுடைய விதி. இஷாவிற்குப் பின் நம் மதரஸாக்கள் பூட்டித்தானே கிடக்கின்றன? வாரம் ஒருநாள் ஓர் அறையின் சாவியைக் கொடுங்கள். உள்ளே போகாதீர்கள், யார் வருகிறார்கள் என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள். வாடகை வேண்டாமென்று நீங்கள் சொன்னாலும், தங்களுக்குள் திரட்டிய ஒரு சிறு தொகையை அவர்கள் நீட்டுவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், தம் செலவைத் தாமே ஏற்பதும் அவர்களுடைய விதிகளில் ஒன்று.